பாதை இருந்த ஊர்

திருகோணமலைப் பக்கத்தில் 'பாதை' என்றால் நடக்கிற வழியை மட்டும் சொல்வதில்லை. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் தட்டையான மிதவைக்கும் அதுதான் பெயர். சின்ன வயதில் அப்பாவின் கையைப் பிடித்தபடி கிண்ணியாத் துறையடியில் பாதை ஏறியிருக்கிறேன். பலகை இடுக்கில் தெரிந்த பச்சைத் தண்ணீரைக் குனிந்து பார்த்துக்கொண்டே போனது இன்றும் கண்ணில் நிற்கிறது. போன மாதம் மறுபடி போனேன். இந்த முறை பஸ்ஸில், பாலத்தின் மேலே.

கிண்ணியா என்றதும் வெளியூர் நண்பர்கள் வெந்நீர்க் கிணறுகளா என்று கேட்பார்கள். அது கன்னியா, வேறு ஊர். கிண்ணியாவுக்கு ஒருபுறம் கொட்டியாரக் குடா, மறுபுறம் தம்பலகாமக் குடா, பின்னால் உப்பாறு. வரைபடத்தில் இதைத் தீவு என்று யாரும் போடுவதில்லை. ஆனால் சுற்றுவழியை விட்டால், 2009 ஒக்டோபர் 20 வரைக்கும் இந்த ஊர்ச் சனங்களுக்கு நகரம் அக்கரைதான். அன்றுதான் சவூதி உதவியில் கட்டிய பாலம் திறக்கப்பட்டது. நீளம் 396 மீற்றர், அப்போது நாட்டிலேயே நீளமான பாலம்.

துறையடித் தேநீர்க் கடையில் ஒரு பெரியவர் பக்கத்தில் இடம் விட்டார். பிளேன்ரீ வரும்வரை பேசினோம்.

"பாதையில எவ்வளவு நேரம் நிண்டிருப்பீங்க காக்கா?"

"அதைக் கேக்காதீங்க மகள். எங்கட மூத்தவன் பொறக்கிற நேரம் இந்தக் கரையில நிண்டு அல்லாஹ்வைத்தான் கூப்பிட்டன். பாதை அக்கரையில கிடந்தது."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்புறம் கடற்கரைப் பக்கம் நடந்தேன். 2004 சுனாமி இந்தக் கரையில் இருந்த வைத்தியசாலையைக்கூட விட்டுவைக்கவில்லை. ஓரிடத்தில் ஒரு அக்கா அவித்த மட்டியைக் குவித்து வைத்து, ஓட்டைப் பிரித்துச் சதையைச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். கை பார்க்காமலே வேலை செய்தது. விரல் நுனியெல்லாம் கீறல். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து சேற்றைத் துழாவித்தான் மட்டி எடுக்க வேண்டும். சுண்டால் அளந்து ஒரு பையில் கட்டித் தந்தார். தேங்காய்ப்பூ போட்டு வறுத்தால் சோறு இன்னும் ஒரு பிடி கேட்கும்.

குடாவைப் பார்த்து நிற்கும்போது றொபேட் நொக்ஸ் நினைவுக்கு வந்தார். 1659 இல் புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் பழுது பார்க்க ஒதுங்கியது இந்தக் கொட்டியாரக் குடாவில்தான். அடுத்த வருடம் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவர் மகன் நொக்ஸையும் மாலுமிகள் சிலரையும் மூதூர்ப் பக்கத்தில் பிடித்துக் கண்டி நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தகப்பன் 1661 இல் அங்கேயே இறந்துபோனார். மகன் தப்பியது 1679 இல். பள்ளிக்கூடத்தில் இதைத் தேதிகளாகத்தான் படித்தோம். அந்தத் தண்ணீரின் முன்னால் நின்றபோதுதான் தகப்பனையும் பிள்ளையையும் நினைத்து மனம் கனத்தது.

திரும்பும் வழியில் ஓட்டோக்காரத் தம்பியிடம் குறிஞ்சாக்கேணிக்கு விடச் சொன்னேன். 2021 நவம்பர் 23 காலை, அங்கே பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த நாட்களில், சனங்களை ஏற்றிய பாதை கவிழ்ந்தது. இறந்தவர்களில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த நீர் பார்வைக்கு எவ்வளவு அமைதி! அக்கரையில் ஆள் கூப்பிட்டால் இக்கரைக்குக் கேட்கும். அவ்வளவு கிட்டத்தில் அது நடந்தது என்பதை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. தம்பி இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்தார்.

மாலை பஸ்ஸில் மடியில் ஒரு சட்டி எருமைத் தயிர், காலடியில் மட்டிப் பை. பாலத்தில் ஏறியதும் யன்னலை முழுதாகத் திறந்தேன். பக்கத்துச் சீற்றில் இருந்த சின்னப் பெண் எழும்பி நின்று கீழே எட்டிப் பார்த்தாள். விழுந்துவிடாமல் அவள் உம்மா சட்டையைப் பிடித்துக்கொண்டார்.