தலை நிக்காத வயசு

இ-சேவை மையத்தில் பெரியம்மாவின் ஆதாரை நீட்டினேன். பிறந்த தேதி 01-01-1965.

“அது சும்மா போட்டது தம்பி” என்றார் பெரியம்மா, கணினி முன்னால் இருந்த பையனிடம். “தனுஷ்கோடி புயலன்னைக்கு எங்கம்மா என்னையச் சேலையில சுத்திக்கிட்டு ஓடுச்சாம். அப்ப எனக்குத் தலைகூட நிக்கல.”

புயல் 1964 டிசம்பர் 22 இரவு. தலை நிற்கவில்லை என்றால் மிஞ்சிப்போனால் மூன்று மாதம். ஐப்பசியோ கார்த்திகையோ, எப்படிப் பார்த்தாலும் குரோதி வருஷம். அதே குரோதி அறுபது வருஷம் சுற்றி 2024 சித்திரையில் திரும்பி வந்தது. பெரியம்மாவுக்கு அறுபது முடிந்ததும் அந்த வருஷம்தான். எந்தச் சான்றிதழும் இவ்வளவு சுத்தமாகக் கணக்குச் சொல்லாது.

கூட வந்த என் மகள் போனைத் தடவினாள். “1946லேர்ந்து 1964 வரைக்கும் பொறந்தவங்க பூமர். 1965லேர்ந்து எக்ஸ் தலைமுறை. ஆதார்படி பாட்டி எக்ஸ். புயல்படி பூமர்!”

“பூமருன்னா என்னடி?”

தயங்கித் தயங்கி விளக்கினாள்.

பெரியம்மா கொஞ்சம் யோசித்தார். அப்புறம் பையன் பக்கம் திரும்பி, “ஆதாருல உள்ளதே இருக்கட்டும் தம்பி” என்றார்.