வால்வு நகரக் கூடாது: பழைய மார்க்கரில் ஒரு மாற்றம்

என்னிடம் இருப்பது இரட்டைக் குழாய் அமைப்புள்ள பழைய புளோபேக் மார்க்கர், அதாவது சுடும் வாயுவின் ஒரு பகுதியாலேயே அடுத்த சுடுதலுக்குத் தயாராகும் பெயின்ட்பால் துப்பாக்கி. மேல் குழாயில் பந்தைக் குழலுக்குள் தள்ளும் போல்ட். கீழ்க் குழாயில் முன் மூடி, வாயுவைத் திறந்துவிடும் வால்வு, அதை அடித்துத் திறக்கும் ஹேமர், ஸ்பிரிங் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. வால்வை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பது அடியிலிருந்து ஏறும் ஒரே ஒரு திருகுதான். பந்தின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் வேகம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்ததால் எல்லாவற்றையும் பிரித்தேன். திருகில் ஒரு குறையும் இல்லை. திருகின் நுனி உட்காரும் வால்வுக் குழிதான் முன்பின்னாக நீண்டு, நீள்வட்டமாகிக் கிடந்தது.

இந்த இடத்தில் பலர் சொல்லும் யோசனை, இன்னும் உறுதியான திருகு போடுவது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது வீண் வேலை. சுடுவதற்குப் பயன்படும் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 850 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). வால்வின் விட்டம் 19 மில்லிமீட்டர். அதாவது வால்வுக்கு முன்னால் இருக்கும் முன் அறையில் உள்ள வாயு வால்வை ஏறக்குறைய 170 கிலோ எடையின் விசையோடு ஹேமர் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள எம்5 எஃகுத் திருகுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் குட்டை நுனித் திருகின் நுனி 3.5 மில்லிமீட்டர் விட்டமும் 1.25 மில்லிமீட்டர் நீளமும்தான். அந்த 170 கிலோவும் சுமார் 4.4 சதுர மில்லிமீட்டர் அலுமினியத்தின் மேல் விழுகிறது. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 380 நியூட்டன். 6061-டி6 என்ற அலுமினியக் கலவை நிலையாக வளையத் தொடங்கும் எல்லை சுமார் 276. போதாக்குறைக்கு, ஒவ்வொரு சுடுதலிலும் ஹேமர் வந்து மோதி வால்வை எதிர்ப்பக்கம் உதைக்கிறது. குழி நீளாமல் என்ன செய்யும்?

எபாக்சி வைத்து வால்வை ஒட்டிவிடலாம் என்ற ஆலோசனையும் வந்தது. அழுத்தம் தாங்கும் பாகத்தைப் பசையை நம்பி விடுகிறவர்களோடு ஒரே மைதானத்தில் நிற்க எனக்கு விருப்பமில்லை.

நான் செய்தது, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீள் நுனித் திருகுகளைக் கூடுதலாகப் போட்டது. நீள் நுனி 2.5 மில்லிமீட்டர். இரண்டும் சேர்ந்தால் தாங்கும் பரப்பு 17.5 சதுர மில்லிமீட்டர். சுமை சதுர மில்லிமீட்டருக்கு 95 நியூட்டனாக இறங்கிவிடுகிறது. இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. வால்வைச் சுற்றி வாயு கசியாமல் அடைக்கும் இரண்டு ஓ-ரிங்குகளுக்கு நடுவில் துளை போட்டால், சுடும் கணத்தில் வாயு மரை வழியே கசியும். பின் ஓ-ரிங்குக்கும் பின்னால், வால்வின் சுவர் தடிமனாக இருக்கும் பகுதியைத் தேர்ந்தெடுத்தேன். வால்வை முன்பக்கமிருந்து செருகினால் எந்த ஓ-ரிங்கும் புதிய துளைகளைக் கடந்து போக வேண்டியதில்லை. ஹேமரும் அவ்வளவு தூரம் வருவதில்லை.

டாங்கியைக் கழற்றி, மிச்ச வாயுவை வெளியேற்றி, முன் அறை காலி என்று உறுதி செய்த பிறகே மார்க்கரை வைஸில் பிடித்தேன். வால்வைச் சரியான இடத்தில் வைத்து, 4.2 மில்லிமீட்டர் டிரில்லால் உடலைத் துளைத்து, வால்வின் மேல் புள்ளி விழும் அளவுக்கு மட்டும் தொட்டேன். பிறகு வால்வை வெளியே எடுத்து, உடலில் எம்5 மரை வெட்டி, வால்வில் 3.5 மில்லிமீட்டர் குழியைத் தட்டை அடியோடு எடுத்தேன். குழாயின் உட்புறம் மரை முடியும் விளிம்பில் மயிரிழை அளவுக்குப் பிசிறு நின்றது. கண்ணுக்குத் தெரியவில்லை, பஞ்சை உருட்டியபோது நூல் சிக்கியது. அதை நீக்கிய பின்தான் மற்ற வேலை.

நீண்டு போயிருந்த பழைய குழியை அடைக்கவில்லை. அது முன்பின்னாகத்தான் தளர்ந்திருக்கிறது, பக்கவாட்டில் இன்னும் இறுக்கம். வால்வின் மேல் துளை உடலின் துளையோடு நேர்கோட்டில் நிற்க அந்தப் பக்கவாட்டு இறுக்கம் போதும். ஆகவே பழைய திருகுக்கு இனி திசை காட்டும் வேலை மட்டும், சுமை புதியவற்றுக்கு.

ஓ-ரிங்குகளை பாலியூரித்தேனுக்கு மாற்றினேன், நைட்ரைல் ரப்பர் கார்பன் டை ஆக்சைடில் ஊதிப் போகும். மசகுக்கு சிலிகான் மட்டும்.

சோதனையை வாயுவில் தொடங்கவில்லை. அழுத்தப்பட்ட வாயு ஸ்பிரிங் போல விசையைச் சேர்த்து வைக்கும். தண்ணீர் அவ்வளவாகச் சேர்க்காது, ஏதாவது நழுவினால் அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். முன் அறையில் காற்றில்லாமல் தண்ணீர் நிரப்பிக் கைப்பம்பால் 88 பார் வரை, அதாவது வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு ஏற்றி நிறுத்தினேன். முள் இறங்கவில்லை. பிரித்து, உலர்த்தி, குழிகளை உருப்பெருக்கியில் பார்த்தேன். விளிம்புகள் கூர்மையாகவே இருந்தன. அதன் பிறகுதான் ரெகுலேட்டர் உள்ள காற்று டாங்கியை மாட்டி, 300 பிஎஸ்ஐயிலிருந்து படிப்படியாக ஏற்றினேன். முகக் கவசம் அணிந்தபடி, குழலுக்கு உறை போட்டு, மார்க்கரின் முன்னாலும் பின்னாலும் நிற்காமல் பக்கவாட்டில் நின்று, சோப்புத் தண்ணீரால் கசிவு பார்த்தேன்.

வேகம் இப்போது நொடிக்கு 270 அடியை ஒட்டியே நிற்கிறது. பல மைதானங்களின் மேல் வரம்பு 300 என்பதால் ஸ்பிரிங்கை இனி இறுக்கப் போவதில்லை. அடுத்து ஹேமர் வால்வின் உடலில் மோதும் முகத்துக்கு ஒரு மெல்லிய பாலியூரித்தேன் வளையம் வைத்துப் பார்க்க வேண்டும். அது ஹேமரின் ஓட்டத்தைக் குறைத்து வால்வு திறக்கும் நேரத்தைப் பாதிக்கும் என்பதால், தடிமனை முடிவு செய்ய மறுபடியும் குரோனோகிராஃப் முன்னால் நிற்க வேண்டியிருக்கும்.