மூன்று முறை பெயின்ட் அடித்தும் அழுகிற மடிப்பு

போன வாரம் ராத்திரி முழுக்க மழை. காலையில் காரை ஸ்டாண்டில் ஏற்றி, டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்தேன். நான் அடித்திருந்த சாம்பல் நிற எபாக்ஸிப் பெயின்ட்டின் மேல், டிரைவர் பக்கத்து மடிப்பிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. நுனியில் ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு தொங்கியது. விரலால் துடைத்தேன். பத்து நிமிஷத்தில் அதே இடத்தில் இன்னொரு சொட்டு.

அடிப்பாகத்துத் துருவை எடுத்துப் பெயின்ட் அடித்த பிறகும் இப்படி அழுவது இது மூன்றாவது தடவை. ஃப்ளோர் தகடு, சக்கரத்துக்கு உள்பக்க மட்கார்டு, பின் ஆக்ஸில் உட்காரும் சட்டம் என்று எல்லாம் பிரமாதமாக நிற்கின்றன. நகத்தால் கீறினால்கூட வரவில்லை. ஃப்ளோர் தகடும் கதவுக்கு அடியில் ஓடும் பெட்டியும் சேருகிற அந்த ஒன்றரை அடி மடிப்பு மட்டும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

முதலில் பழைய கோட்டிங் பற்றி ஒரு புலம்பல். முன்பு இந்தக் காரை வைத்திருந்த புண்ணியவான் யாரோ அடிப்பாகம் முழுக்கத் தார் மாதிரி ஒன்றை அடித்து வைத்திருந்தார். வாங்கும்போது அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். கறுப்பாக, வழவழவென்று, பார்க்க நல்ல தோல். திருப்புளியின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனபோது முக்கால்வாசி இடத்தில் ‘டங்’ என்ற சத்தம், மடிப்பை நெருங்கியதும் ‘தொப்’. குத்தினால் மரப்பட்டை மாதிரி ஒரு பாளம் கழன்றது. உள்ளே காய்ந்த சேறு, அதற்கு உள்ளே ஈரத் துரு. சேற்றைக் கழுவாமல் அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள்! தார் வயசாக வயசாக இறுகி வெடிக்கும். வெடிப்பு வழியாகத் தண்ணீர் போகும், ஆனால் காற்றோட்டம் போகாது. ஒன்றுமே அடிக்காமல் விட்டிருந்தால் தகடு காய்ந்தாவது இருந்திருக்கும்.

அதை எடுக்க வயர் பிரஷ் வேலைக்கு ஆகாது. சூட்டில் உருகி நாலு பக்கமும் அப்பிக்கொள்ளும், பிரஷ்ஷும் போச்சு. சூடான காற்று ஊதும் ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்து, தார் பளபளக்க ஆரம்பித்த நொடியில் சுரண்டியை விட்டால் ரிப்பனாகச் சுருண்டு வருகிறது. புகை வந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம், அந்தப் புகை மூக்குக்குள் போகவே கூடாது. பெட்ரோல் டேங்க், பெட்ரோல் குழாய் பக்கம் ஹீட் கன்னும் கிரைண்டரும் அறவே கிடையாது, அங்கே கைச் சுரண்டிதான். விடிகாலைக் குளிரில் தார் கண்ணாடி மாதிரி நொறுங்கும் என்பதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். உளியை வைத்துத் தட்டினால் சில்லு சில்லாகப் பறக்கிறது. அதன் பிறகு ஒரு வாரம் ஐந்து மணிக்கே எழுந்தேன். மிச்சம் ஒட்டியிருந்ததை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, அந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரால் எடுத்தேன்.

சரி, மடிப்புக்கு வருகிறேன். இரண்டு தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று படுத்து, சில சென்டிமீட்டருக்கு ஒரு ஸ்பாட் வெல்டிங், அதாவது புள்ளி மாதிரி ஒரு பற்று. இரண்டு வெல்டிங்குக்கு நடுவில் தகடுகள் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும். அந்த மயிரிழை இடைவெளி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், காற்றடித்தாலும் விடாது. உள்ளே துரு பிடித்தால் அது இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால் தகடுகளை ஆப்பு வைத்த மாதிரி விரிக்கும், இடைவெளி கூடும், இன்னும் தண்ணீர் புகும். என் காரில் ஒரு இடத்தில் இடைவெளி ஒரு காசு நுழையும் அளவுக்கு விரிந்திருந்தது. தகட்டின் கனமே ஒரு மில்லிமீட்டருக்குள்தான்.

முதல் முயற்சியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கிரைண்டரில் முறுக்கு வயர் பிரஷ்ஷை மாட்டித் தேய்த்தேன். கறுப்பாக மின்னியது, இரும்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். அது இரும்பு இல்லை, பாலிஷ் போட்ட துரு. வயர் பிரஷ் குழியில் இருக்கும் துருவைக் கிளறாமல் அதை மழமழவென்று அமுக்கிவிட்டுப் போகும். இதில் இன்னொரு தொல்லை, அறுந்த கம்பிகள். வேலை முடிந்து சட்டையைக் கழற்றினால் முள்ளம்பன்றி மாதிரி இருந்தது. கண்ணாடி மட்டும் போதாது, முகம் முழுக்க மூடும் ஷீல்டு வேண்டும். நிமிஷத்துக்கு 11,000 சுற்று ஓடும் கிரைண்டரில், அந்த வேகத்துக்கு ஆகும் என்று பிரஷ் மேலேயே எழுதியிருந்தால் ஒழிய மாட்டாதீர்கள்.

அந்தக் கறுப்பு மினுக்கின் மேல் துருவைக் கெட்டியான படலமாக மாற்றும் பாஸ்பாரிக் அமில ரஸ்ட் கன்வர்ட்டர், அதன் மேல் ஜிங்க் ஸ்ப்ரே, அதன் மேல் இடைவெளியை அடைக்கும் சீலன்ட். மூன்று நல்ல சரக்கு, அடித்த வரிசைதான் முட்டாள்தனம். ஜிங்க் வேலை செய்வதே அது இரும்பை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால்தான். இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காப்பாற்றும். நடுவில் துருவும், கன்வர்ட்டர் உண்டாக்கிய பாஸ்பேட்டும் ஒரு படலமாக உட்கார்ந்தால் அது வெறும் சாம்பல் நிறப் பெயின்ட்தான். போதாக்குறைக்கு, கழுவாமல் விட்ட அமிலம் ஜிங்க்கையே தின்றது. மூன்று வாரத்தில் மொத்தமும் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்தது. 1976 மாடலிலிருந்து போர்ஷே 911-க்கு ஃபேக்டரியிலேயே ஜிங்க் பூசிய தகடு. நம் காருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, டின்னில் வாங்கித்தான் பூச வேண்டும்.

இரண்டாவது முறை கொஞ்சம் புத்தி வந்தது. வயர் பிரஷ்ஷைத் தூர வைத்துவிட்டு, கடற்பஞ்சு மாதிரி கரடுமுரடாக இருக்கும் ஸ்ட்ரிப் டிஸ்க் மாட்டினேன். இரும்பை அதிகம் தின்னாமல் துருவையும் பெயின்ட்டையும் மட்டும் எடுக்கும், குழிக்குள்ளும் ஓரளவு இறங்கும். சீக்கிரம் தேய்ந்துபோவதுதான் குறை. குழியில் மிஞ்சியதற்கு மட்டும் கன்வர்ட்டரைத் தொட்டு வைத்தேன். மின்னும் இரும்பில் அதைத் தடவினால் மாற்றுவதற்குத் துருவே இல்லாமல் பிசுபிசுவென்று நிற்கும். நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவினேன், துடைத்துக் காயவைத்தேன், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் இரும்பெல்லாம் இளம் ஆரஞ்சு. கழுவிய இரும்பு அவ்வளவு சீக்கிரம் பூக்கும் என்று படித்திருந்தேன், பார்த்தது அன்றுதான். மறுபடி தேய்த்து, இந்த முறை தண்ணீர் காட்டாமல் பெயின்ட்டுக்கு முன்னால் பிசுக்கெடுக்கும் திரவத்தால் துடைத்து, உடனே இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பிரைமர்.

எபாக்ஸி பற்றி ஒரே ஒரு விஷயம். சிறிய டின் வாங்குங்கள். நான் பெரிய டின் வாங்கி மிச்சம் வைத்தேன், அடுத்த முறை திறந்தால், இறுக வைக்கும் இரண்டாவது பாகமான ஹார்டனர் ஜெல்லியாகிக் கிடந்தது. கடைக்காரர் ‘கலக்கினால் சரியாகிவிடும்’ என்றார். ஆகவில்லை. நாலு நாள் கழித்தும் விரல் ஒட்டியது, எல்லாவற்றையும் தின்னர் போட்டு வழித்தெடுத்தேன். தேதி பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை என்று இப்போது ஒரு சபதம்.

இரண்டாவது முறை அடித்த எபாக்ஸிதான் இன்றைக்கும் தகட்டில் பாறை மாதிரி நிற்கிறது. மடிப்பில் மட்டும் ஒரு மாதத்தில் பழுப்புக் கண்ணீர்.

மூன்றாவது முறை மடிப்பைத் திறப்பது என்று முடிவு செய்தேன். பெரிய வேலை அது. ஹேக்ஸா பிளேடு ஒன்றை உடைத்து, முனையைக் கிரைண்டரில் மெல்லிசாகத் தேய்த்து, கொக்கி மாதிரி வளைத்தேன். பல் டாக்டர் வைத்திருப்பாரே, அந்த மாதிரி. அதை இடைவெளிக்குள் விட்டு இழுத்தால் துரு தூளாக வராது, அட்டை அட்டையாக வரும். மல்லாந்து படுத்துக்கொண்டு, மாஸ்க் வியர்வையில் நனைய, ஒரு ஸ்பாட் வெல்டிங்கிலிருந்து அடுத்ததற்கு நகர அரை மணி நேரம். ஒன்றரை அடிக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. எடுத்த துருவை ஒரு டப்பாவில் சேர்த்துவைத்தேன், இரண்டு கை நிறைய இருக்கிறது. எதற்கு வைத்திருக்கிறேன் என்று வீட்டில் கேட்கிறார்கள். பதில் இல்லை.

அப்புறம் ஹீட் கன்னால் மடிப்பைப் பொறுமையாகக் காயவைத்து, எபாக்ஸியில் டின் மேல் சொன்ன உச்ச அளவுக்குத் தின்னர் கலந்து, ஊசி சிரிஞ்சில் ஏற்றி மடிப்பின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டேன். விட்ட இடத்தில் மறைந்து இரண்டு இஞ்ச் தள்ளி எட்டிப் பார்த்தது! தண்ணீரை இழுத்த அதே இடைவெளி பெயின்ட்டையும் இழுக்கிறது. அந்தக் காட்சிக்காகவே இந்த வேலையை இன்னொரு முறை செய்யலாம். காய்ந்ததும் மேலே பாலியூரித்தேன் சீம் சீலன்ட்டை விரலால் இழுத்து மூடினேன். மெழுகு இருக்கிற இடத்தில் பெயின்ட்டும் சீலன்ட்டும் ஒட்டாது என்பதால், துரு வராமல் கடைசியில் பீய்ச்சும் மெழுகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தேன். காரை இறக்கி இரண்டு வாரம் ஜம்மென்று ஓட்டினேன்.

அப்புறம்தான் அந்த மழை.

வெல்டிங் வேலை தெரிந்த நண்பர் ஒருவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் சீலன்ட்டைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. “கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தியா?” என்று மட்டும் கேட்டார்.

தூக்கினேன். மேலே கார்ப்பெட் காய்ந்துதான் இருந்தது. அடியில் இருக்கும் கனமான ஃபோமை அமுக்கினால் விரல் இடுக்கில் தண்ணீர் வந்தது. இத்தனை மாதம் அதன் மேல் செருப்புக் காலை வைத்து ஓட்டியிருக்கிறேன். ஒரு மக்கு தண்ணீரை வைப்பருக்குக் கீழே இருக்கும் ஜாலியில் மெதுவாக ஊற்றச் சொல்லிவிட்டு உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். பாதி மக்கு காலியாவதற்குள் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு தாரை, பெடல் ஓரமாக வழிந்து, நேராக என் மடிப்பின் தலையில். ஜாலியைக் கழற்றினால் வடிகால் ஓட்டையை மக்கிய இலை கேக் மாதிரி அடைத்திருந்தது. கம்பியால் ஒரே இழுப்பு, கடகடவென்று கீழே போய்விட்டது.

ஆக, தண்ணீர் வந்தது மேலிருந்து, நான் மூடியது கீழே. மூன்றாவது முறை எவ்வளவு நேர்த்தியாக மூடினேனோ அவ்வளவு நேர்த்தியாக உள்ளே தண்ணீரைச் சிறை வைத்திருக்கிறேன். தார் அடித்த புண்ணியவானை மேலே திட்டியதை நினைத்துப் பார்க்கிறேன்.

இப்போது நிலவரம்: மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலையின் மேல் நான் இழுத்த சீலன்ட்டை நானே வெட்டி எடுத்துவிட்டேன். சீட்டு, கார்ப்பெட், ஃபோம் எல்லாம் வெளியே. ஐந்து நாளாக ஃப்ளோரில் ஃபேன் ஓடுகிறது. தகட்டைத் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், மடிப்புக்குள் என்ன என்று கைக்குத் தெரியாது. அதனால் டிஷ்யூ பேப்பரை மடித்து ராத்திரி மடிப்பின் வாயில் செருகிவைக்கிறேன். முதல் நாள் காலையில் பேப்பர் முழுக்கப் பழுப்பு. மூன்றாம் நாள் உள்ளங்கை அளவு. இன்றைக்கு நகம் அளவுக்கு ஒரு கறை. வெள்ளையாக வரும்வரை எதையும் தொடுவதில்லை.

வெள்ளையானதும் இந்த முறை சீலன்ட் உள்பக்கம், அதாவது தண்ணீர் வரும் பக்கம். கீழ்ப்பக்கம் திறந்தே இருக்கும், அங்கே ஊர்ந்து போகும் மெழுகு மட்டும். பெட்டிக்குள்ளும் அதே மெழுகுதான், நீளக் குழாய் முனையில் எல்லாப் பக்கமும் பீய்ச்சும் நாசிலோடு. ஸ்ப்ரே டப்பா வாங்கி ஏமாந்தது போதும், பாதி வாயுவாகப் போகிறது. கம்பரசரில் மாட்டும் கன் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். மெழுகைத் தண்ணீர்ச் சட்டியில் வைத்துச் சூடு காட்டினால் நன்றாக இறங்குமாம், நெருப்பின் மேல் நேராக வைக்கக் கூடாது. பெட்டியின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளில் ஆளுக்கொரு தீக்குச்சி செருகிவைத்து, மெழுகு சொட்டி முடிந்ததும் எடுத்துவிடுவேன். மெழுகே ஓட்டையை அடைத்துவிட்டால் பழைய கதைதான். பிரேக் டிஸ்க், சைலன்சர் இரண்டுக்கும் பிளாஸ்டிக் பை கட்ட வேண்டும், ரப்பர் புஷ்களுக்கும்தான்.

நடுவில் பின் பிரேக் பைப்புகள் கண்ணில் பட்டுவிட்டன. கிளிப் பிடிக்கிற இடத்தில் மட்டும் கொப்பளம் கொப்பளமாகத் துரு. அதைத் தேய்த்துப் பெயின்ட் அடிக்கிற ஆள் நான் இல்லை, மாற்றியாக வேண்டும். செம்பு-நிக்கல் குழாய் ஒரு சுருள், குழாயின் வாயை விரித்து ஃப்ளேர் அடிக்கும் கருவி ஒன்று. கருவி வந்துவிட்டது, குழாய் இன்னும் வரவில்லை. கழற்றிய பிராக்கெட்டுகளை வாஷிங் சோடாத் தண்ணீரில் போட்டு பேட்டரி சார்ஜரால் துரு எடுக்கும் வாளியும் மூலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. பிராக்கெட் மைனஸில், பிளஸ் முனைக்குச் சாதா இரும்புதான். ஸ்டெயின்லெஸ் போட்டால் தண்ணீரில் விஷக் குரோமியம் இறங்கும்.

மறுபக்கத்து மடிப்பை இன்னும் தொடவில்லை. அந்தப் பக்கம் கார்ப்பெட்டைத் தூக்க மனசு வரவில்லை. நாளைக்கு ஜாலியில் அந்தப் பக்கமும் ஒரு மக்கு ஊற்றிப் பார்க்கிறேன்.