எஸ்ஏடி ரீடிங்: சொற்பொருள் கேள்விகளை எப்படிப் போடுவது

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் டிஜிட்டல் எஸ்ஏடி தேர்வின் ரீடிங் அண்ட் ரைட்டிங் பகுதியில் இரண்டு மாட்யூல், அதாவது தனித்தனி நேரம் கொண்ட இரண்டு பாகம். ஒவ்வொன்றிலும் 27 கேள்வி, 32 நிமிடம். கேள்விக்குச் சுமார் 71 நொடி. இரண்டிலும் முதலில் வருபவை சொற்பொருள் கேள்விகள்தான். இவற்றைச் சட்டென்று முடித்தால்தான் பின்னால் வரும் அனுமானக் கேள்விகளுக்கு நேரம் மிஞ்சும்.

பத்தி சிறியது, 25 முதல் 150 சொல் வரை. பெரும்பாலும் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்வார்கள். பலர் நேராக விடைகளுக்குத் தாவி, நான்கையும் மாறி மாறி வைத்துப் படித்துப் பார்க்கிறார்கள். நான்குமே இலக்கணப்படி பொருந்தும் என்பதால் குழப்பம்தான் மிஞ்சும். விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, அங்கே என்ன வர வேண்டும் என்று முதலில் நீங்களே முடிவு செய்யுங்கள். தமிழில் தோன்றினாலும் போதும். துப்பு பத்திக்குள்ளேயே கிடக்கும்: 'ஆல்தோ' (என்றாலும்), 'ஹவெவர்' (ஆனால்) வந்தால் கருத்து திரும்புகிறது, கோலன் (:) வந்தால் அடுத்தது பெரும்பாலும் விளக்கம்.

ஓர் உதாரணம். ஒரு பறவை பழம் மட்டுமே தின்னும் என்று நம்பியிருந்தார்கள். சில எச்ச மாதிரிகளில் பூச்சித் துணுக்குகள் கிடைத்தன. சான்று குறைவுதான் என்றாலும், அது பூச்சியும் தின்னக்கூடும் என இவை ____. விடைகளில் 'ப்ரூவ்' (நிரூபிக்கிறது), 'சஜஸ்ட்' (உணர்த்துகிறது) இரண்டும் இருக்கும். திசை சரியென்று 'ப்ரூவ்' போட்டால் மதிப்பெண் போச்சு. 'சான்று குறைவு' என்று பத்தியே சொன்னபின் 'நிரூபிக்கிறது' எப்படிப் பொருந்தும்? சொல்லின் திசையைப் பார்ப்பதோடு நிற்காமல் அழுத்தத்தையும் அளந்து பாருங்கள். இந்த வகையில் அதிகம் பேர் விழும் குழி இதுதான்.

இன்னொரு வகை, பத்தியிலுள்ள சொல்லுக்கு அங்கே என்ன பொருள் என்று கேட்பது. பழகிய பொருளை நம்பாதீர்கள். ஆய்வாளர் தன் கூற்றை 'க்வாலிஃபை' செய்தார் என்றால் தகுதி பெற்றார் என்பதல்ல, வரம்பு கட்டினார் என்று பொருள்.

தெரியாத சொல் வந்தால் பதற வேண்டாம். தேர்வு எழுதும் ப்ளூபுக் செயலியில், பொருந்தாத விடையைக் கோடிட்டு நீக்கும் வசதி உண்டு. தெரிந்த மூன்றும் பொருந்தாவிட்டால், தெரியாததைத் தயங்காமல் போடுங்கள். தவறுக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. எதையும் காலியாக விடாதீர்கள். சந்தேகமானதைக் குறித்து வைத்தால், அந்த மாட்யூல் முடிவதற்குள் திரும்பி வரலாம்; முடிந்தபின் முடியாது.

பயிற்சிக்கு, எஸ்ஏடியை நடத்தும் காலேஜ் போர்டின் கேள்வி வங்கியில் இந்த வகையை மட்டும் பிரித்தெடுங்கள். தவறிய ஒவ்வொன்றிலும் எந்தத் துப்பைக் கவனிக்கவில்லை என்று பக்கத்தில் எழுதி வையுங்கள்.