இச்சி: செர்போ-குரோவேஷிய மொழியில் முதலில் படிக்க வேண்டிய வினை

செர்போ-குரோவேஷிய மொழியை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒரு வினைச்சொல்லைத்தான்: 'இச்சி', அதாவது போதல். பாடப்புத்தகங்கள் இதை ஒழுங்கற்ற வினை என்று சொல்லிப் பட்டியலைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். அதன் வரலாறு தெரிந்தால் மனப்பாடச் சுமை பாதியாகக் குறையும். என் படிப்பில் மிகவும் கைகொடுத்தது இதுதான். (கீழே வரும் தகரத்தை 'தேசம்' என்பதில் ஒலிப்பதுபோல் படியுங்கள்.)

நிகழ்காலம் எளிது: இதெம், இதெஷ், இதெ, இதெமோ, இதெத்தெ, இது. நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசை. இதன் வேர் மிகப் பழையது. லத்தீனின் 'ஈரே', சமஸ்கிருதத்தின் 'ஏதி' எல்லாம் இதன் உறவுகள். நாம் அன்றாடம் சொல்லும் 'உதயம்', 'அதீதம்' ஆகிய சொற்களிலும் இதே சமஸ்கிருத வேர்தான் இருக்கிறது.

இறந்தகாலத்துக்கு வந்தால் ஆண் 'இஷாவோ ஸம்' என்பான், பெண் 'இஷ்லா ஸம்' என்பாள். இதெமுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று குழம்ப வேண்டாம். இது வேறொரு வேர், 'ஹோதத்தி' (நடத்தல்) என்ற வினைக்கு உறவு. ஆங்கிலத்தில் கோ, வென்ட் என இரண்டு வேர்கள் ஒரே வினையில் சேர்ந்துகொண்டது போலத்தான் இதுவும். முன்னால் உள்ள 'இ' நிகழ்காலத்தைப் பார்த்து ஒட்டிக்கொண்டது. அதனால்தான் முன்னொட்டு சேர்ந்ததும் அது காணாமல் போய் 'தோஷாவோ' (வந்தான்), 'தோஷ்லா' (வந்தாள்) என்று வருகிறது.

அடுத்தது முன்னொட்டு வினைகள். அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். தோச்சி (வந்து சேர்தல்), ஊச்சி (நுழைதல்), இஸாச்சி (வெளியேறுதல்), ப்ரோச்சி (கடத்தல்), நாச்சி (கண்டுபிடித்தல்). நிகழ்கால வடிவங்கள் தோஜெம், ஊஜெம், இஸாஜெம், ப்ரோஜெம், நாஜெம். பழைய மொழியில் முன்னொட்டும் வினையும் சேர்ந்தபோது 'ய்த' என்பது ஜகரமாகவும், வல்லினத் தகரத்தோடு வந்த 'ய்த்' என்பது 'ச்ச' ஆகவும் மாறின. அப்படிப் பிறந்த 'ச்சி'யைப் பார்த்துத்தான் தனிவினையும் 'இத்தி'யிலிருந்து 'இச்சி' ஆனது. ஸ்லோவேனியர்கள் இன்றும் 'இத்தி' என்றே சொல்கிறார்கள். ஆகவே ஒன்றைப் படித்தால் மற்றவையும் கூடவே வந்துவிடும்.

தேர்வில் பலரும் தடுமாறுவது, செயல் நடந்துகொண்டிருக்கிறதா, முழுமை பெற்றதா என்பதைக் காட்டும் வினை வகையில். இப்போது வந்துகொண்டிருக்கிறேன் என்றால் 'தோலஸிம்' என்றுதான் சொல்ல வேண்டும். 'தோஜெம்' அந்த இடத்தில் நிற்காது. 'கத் தோஜெம்' (நான் வரும்போது) போல, 'கத்' (போது), 'ஆகோ' (ஆனால், அதாவது நிபந்தனை), 'தா' (என்று) ஆகியவற்றுக்குப் பின்னால்தான் பெரும்பாலும் வரும். இரண்டையும் ஜோடியாகவே எழுதிப் பழகுங்கள். கடைவாசலில் தெரியும் 'ஊலஸ்' (நுழைவு), 'இஸ்லஸ்' (வெளியேறு வழி) இரண்டும் அந்த 'லஸ்' குடும்பம்தான் என்பதால், ஊரில் நடந்தாலே பாடம் பதியும்.

எதிர்காலத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. 'ராதித்தி' (வேலை செய்தல்) போன்ற வினைகள் துணைவினை பின்னால் வரும்போது ஈற்றை இழக்கும். குரோவேஷியத் தலைநகர் ஸாக்ரெபில் இகரத்தை மட்டும் விட்டு இரண்டு சொல்லாகவும், செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் 'த்தி' முழுவதையும் விட்டு ஒரே சொல்லாகவும் எழுதுவார்கள். 'ச்சி'யில் முடியும் வினைகள் எதையும் இழப்பதில்லை: இரண்டு ஊரிலும் 'தோச்சி ச்சு' (வருவேன்) தான்.

அப்புறம், புறப்படும்போது 'ஒதோஹ் யா' என்று சொல்வதைக் கேட்பீர்கள். வடிவத்தில் இறந்தகாலம், பொருளில் 'நான் கிளம்புறேன்'. எழுத்துத் தேர்வுக்குத் தேவைப்படாது, ஆனாலும் தெருவில் முதல் நாளே காதில் விழும்.

கடைசியாக வேற்றுமை. போகும் இடத்துக்கு இரண்டாம் வேற்றுமை, இருக்கும் இடத்துக்கு இடவேற்றுமை: 'இதெம் ஊ ஷ்கோலு' (பள்ளிக்குப் போகிறேன்), 'ஊ ஷ்கோலி ஸம்' (பள்ளியில் இருக்கிறேன்). வினையைத் தனியாகப் படிக்காமல் ஓர் இடப்பெயரோடு முழு வாக்கியமாகவே எழுதிப் பாருங்கள்.