எஸ்.இ.ஓ.விலிருந்து ரப்பர் பால் கணக்குக்கு

2018 பிப்ரவரியில், தளங்களில் விளம்பரம் போட்டுப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் தமிழ்த் தளங்களையும் ஏற்கத் தொடங்கியது. நாகர்கோவிலில் உட்கார்ந்து எழுதியே சம்பாதிக்கலாம் என்று வீட்டில் நம்ப ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான். திற்பரப்பு அருவியில் எந்த மாதம் தண்ணீர் நன்றாக விழும், மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு எந்த பஸ் என்று வலைப்பதிவில் எழுதிக்கொண்டிருந்தேன். கூடவே சில கடைகளுக்கும் ரிசார்ட்டுகளுக்கும் எஸ்.இ.ஓ. வேலை, அதாவது கூகுள் தேடலில் அவர்களுடைய பக்கத்தை மேலே கொண்டுவருவது.

வருமானத்தில் பெரிய குறை இல்லை. காரணம் தெரியாமலே வேலை பார்ப்பதுதான் அலுத்துப்போனது. முதலிடத்தில் இருந்த பக்கம் திடீரென்று முப்பதாவது இடத்துக்குப் போகும். தலைப்பா, வேகமா, இணைப்புகளா? ஐந்து பேரிடம் கேட்டால் ஐந்து பதில் வரும். வாடிக்கையாளரிடம் மட்டும் கைரேகை பார்க்கிறவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு ஏதாவது சொல்லியாக வேண்டும்.

நிரல் எழுதப் போனது ஒரு சின்ன எரிச்சலால்தான். எந்தச் சொல்லைத் தேடி நம் தளத்துக்கு வருகிறார்கள் என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் அந்தச் சொற்களைப் பதிவிறக்கினால் 1,000 வரிசையோடு நின்றுவிடும். ஏ.பி.ஐ. வழியாக, அதாவது நிரல் எழுதி நேரடியாகக் கேட்டால் ஒரு தடவைக்கு 25,000 வரை கிடைக்கும். அதற்காகவே பைத்தான் என்ற நிரல் மொழியைத் தொட்டேன். தப்பு வந்தால் எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் என்று அதுவே சொன்னது. எஸ்.இ.ஓ.வில் இருந்து வருகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா!

முறையாகப் படிக்க ஹார்வர்டின் கணினி அறிமுகப் பாடமான சிஎஸ்50 போதுமானதாக இருந்தது, இணையத்தில் இலவசம். சி மொழியில் நினைவகம் பற்றி வரும் வாரம் மென்னியைப் பிடிக்கும். எஸ்.இ.ஓ. தொழிலில் இருப்பவர்களுக்கு வேறு முகவரிக்குத் திருப்பும் 301, பக்கம் இல்லை என்னும் 404, தற்காலிக நகல் வைக்கும் கேஷ், எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும் ரீஜெக்ஸ் எல்லாம் ஏற்கெனவே பழக்கம் என்பதால் அங்கெல்லாம் வேகமாகத் தாண்டிவிடலாம். தெரியாதது தரவுத்தளம். அதில்தான் நேரத்தைப் போட வேண்டும்.

முதல் மென்பொருள் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வாங்கும் என் மாமாவுக்கு. கேட்க எளிதான கணக்குதான். 20 கிலோ பாலுக்கு டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர்ந்த ரப்பரின் சதவீதம்) 35 என்றால் 7 கிலோ உலர்ந்த ரப்பர். அதை விலையால் பெருக்கி, கொடுத்த முன்பணத்தைக் கழிக்க வேண்டும். மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலுக்குத் தனிக் கணக்கு. ஆனால் டி.ஆர்.சி. பார்க்க மாதிரியை உறைய வைத்து, அடுப்பில் காய வைத்து எடை போடுகிறார்கள். எடை இன்று தெரியும், சதவீதம் நாளைக்குத்தான் வரும். அதற்குள் விலை மாறியிருந்தால்? கடையில் உட்கார்ந்து பார்த்தபோது பால் கொடுத்த நாளின் விலையைத்தான் போடுகிறார்கள் என்று தெரிந்தது. ஆகவே விலையை அன்றைக்கே பதிந்து பூட்டிவிட்டு, டி.ஆர்.சி. கட்டத்தைக் காலியாக விட்டு, முடிவு வந்ததும் நிரப்புகிற மாதிரி அமைத்தேன். “மக்களே, இதுல ஒரு புள்ளி மாறினாலும் ஆளுவ என் கழுத்தப் புடிப்பாவ, பாத்துக்கோ” என்றார் மாமா. சரி என்று பைசாவை முழு எண்ணாகவே சேமித்தேன். தசம எண்களைக் கணினி இருமத்தில் வைப்பதால் 0.1ம் 0.2ம் கூட்டினாலே விடை சரியாக 0.3 ஆக நிற்காது.

நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கரண்டும் நெட்டும் போய்ப் போய் வரும். அதனால் எல்லாம் கடை லேப்டாப்பிலேயே எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளக் கோப்பாக இருக்கிறது; நெட் வந்ததும் நகல் இணையத்துக்குப் போகும்.

கட்டுரை எழுதிய காலத்தில் யாரும் ராத்திரி போன் செய்து “இது ஓடல்ல” என்று சொன்னதில்லை. இப்போது சொல்கிறார்கள். மென்பொருளுக்கு வரும் மாதச் சந்தா மட்டும் குடும்பத்துக்குப் போதாது என்பதால் பழைய ரிசார்ட் வேலைகளில் சிலவற்றை விடாமல் வைத்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு வரலாமா என்று கேட்கிறவர்களுக்கும் அதையேதான் சொல்வேன். ரப்பர் ஷீட்டை ஆர்.எஸ்.எஸ். (புகையூட்டிக் காயவைத்த ஷீட்டின் தரம்) 4, 5 என்று பிரித்து எழுதும் பகுதியை மாமா கேட்டிருக்கிறார். அதை முடித்த பிறகுதான் மார்த்தாண்டம் பக்கத்துக் கடைகளில் பேசிப் பார்க்க வேண்டும்.