வேறு நிறச் சட்டை

"அப்ப இனிமே நான் அடிக்கவே கூடாதா, மேடம்?" என்று அவள் கேட்டாள். "உன் உயரத்துக்கு லிபரோதான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பெண்ணைச் சர்வீஸ் போட அழைத்தேன். மே மாத வாலிபால் முகாமில் நடந்தது இவ்வளவுதான். லிபரோ என்றால் பின்வரிசையில் நின்று, வரும் பந்தை எடுத்துக் கொடுப்பவள். மற்ற 11 பெண்களும் கேட்டுக்கொண்டு நின்றதை அப்போது நான் பொருட்படுத்தவில்லை.

சொன்னதில் தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். பெண்கள் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.24 மீட்டர், பாம்பன் பிள்ளைகளுக்காக அதை யாரும் இறக்கிக் கட்டப்போவதில்லை. அவளோ 154 சென்டிமீட்டர். ஆனால் கச்சான் காற்றில் கடைசி நொடியில் விலகிப்போகும் பந்தை, அவளைப் போல், அடிப்பவர்களுக்கு ஏற்றிக் கொடுக்கும் செட்டரின் கைக்கே எடுத்துக் கொடுத்தவர்கள் எங்கள் மைதானத்தில் இல்லை. 1998இல் சர்வதேச விதிகளில் லிபரோ சேர்ந்த பிறகு என்னையும் இப்படித்தான் பின்வரிசைக்கு மாற்றினார்கள். லிபரோ வலையருகே எதிரணி அடிக்கும் பந்தைத் தடுக்கக்கூடாது, வலைக்கு மேலிருக்கும் பந்தை அடிக்கக்கூடாது என்றாலும், அந்த இடம் மட்டும் இல்லாதிருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையும் இந்தப் பயிற்சியாளர் பணியும் எனக்கு வாய்த்திருக்காது. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், லிபரோவுக்கென்று இருக்கும் வேறு நிறச் சட்டையைக் கையில் வாங்கிய அன்று நான் அழுததையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

மறுநாள் அவள் வரவில்லை. அது மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்க, படகில் கூலிக்குப் போகும் அவள் அப்பாவின் வீடு கடனில்தான் ஓடும். ஆகவே அவளை நிறுத்தியது வறுமைதான், என் சொல் அல்ல என்று சில நாள் நம்பினேன். ஆனால் அதே தடைக்காலத்தில்தான் முதல் எட்டு நாளும் ஒரு மாலைகூடத் தவறாமல் வந்தாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை சின்னப்பாலம் கரையில், அம்மாவோடு பாசி எடுக்க வந்திருந்தவளைப் பார்த்தேன். விரல்களில் துணி சுற்றியிருந்தாள். பந்துக்காக விரலில் டேப் சுற்ற நான் கற்றுக்கொடுத்த அதே சுற்று. "இப்ப யாரு மேடம் லிபரோ?" என்றாள். பெயரைச் சொன்னேன். "அவ காலையே நகத்த மாட்டாளே, மேடம்."

உண்மைதான். திரும்பி வா என்று அங்கேயே கூப்பிட்டிருக்கலாம். அவள் அம்மா பக்கத்தில் நின்றதால் கூப்பிடவில்லை என்று எழுத நினைத்தேன்; ஆனால் அம்மா அப்போது இன்னும் தண்ணீரில்தான் இருந்தார்.